ரோட்டரி, லயன்ஸ், ஜோன்டா: சேவைச் சங்கங்களில் இருந்த வரலாற்று மனிதர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ரோட்டரி சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களும், கல்லூரி ரோட்டராக்ட் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். பதவியேற்பு விழா என்றால் "நம் இயக்கத்தில் இருந்த மாமனிதர்கள்" என்று யாராவது ஒரு பட்டியல் வாசிப்பார்கள். சர்ச்சில், கென்னடி, மார்க்கோனி, நீல் ஆம்ஸ்ட்ராங் என்று பெயர்கள் ஓடும், கைதட்டல் வரும், அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவோம். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. எனக்கு அந்தக் கதைகள்மேல்தான் ஆசை.

சேவைச் சங்கம் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஒரே ஊரில் வெவ்வேறு தொழில் செய்கிறவர்கள் வாரத்துக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை கூடி, சேர்ந்து சாப்பிட்டு, ஊருக்கு ஏதாவது நல்லது செய்யும் அமைப்புகள். ரோட்டரி 1905-ல் சிகாகோவில் தொடங்கியது. கிவானிஸ் 1915, டெட்ராய்ட். நாம் அரிமா என்று அழைக்கும் லயன்ஸ் 1917, அதுவும் சிகாகோ. பெண்களுக்கான ஜோன்டா 1919-லும் சொராப்டிமிஸ்ட் 1921-லும் அமெரிக்காவில் பிறந்தன. இன்னர்வீல் 1924, இங்கிலாந்தின் மான்செஸ்டர். எல்லாமே இருபது ஆண்டுக்குள் முளைத்தவை. பிழைப்புக்காகப் பெருநகரங்களுக்கு வந்து குவிந்தவர்களுக்கு அங்கே சொந்தபந்தம் இல்லை, தெருவில் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அந்தத் தனிமைதான் இந்தச் சங்கங்களுக்கு விதை என்று நான் நினைக்கிறேன்.

பட்டியலில் வாசிக்கப்படும் எல்லோரும் உண்மையிலேயே உறுப்பினர்களா?

இல்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சந்தா கட்டி, கூட்டத்துக்கு வந்து, குழுவில் வேலை பார்த்தவர்கள் ஒரு வகை. இவர்கள்தான் முழு உறுப்பினர்கள். அடுத்தது கவுரவ உறுப்பினர்கள். ஊருக்குப் பெருமை சேர்த்தவர் என்று சங்கமே அழைத்துக் கொடுக்கும் மரியாதை அது. சர்ச்சிலும் கென்னடியும் இந்த வகை. கென்னடிக்கு அந்த மரியாதையைக் கொடுத்தது, அவர் குடும்பம் கோடையைக் கழித்த ஹயானிஸ் ஊரின் ரோட்டரி சங்கம்.

மூன்றாவது வகையில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். 'பால் ஹாரிஸ் ஃபெல்லோ' என்று ஒரு கவுரவம் உண்டு. ரோட்டரி அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்தால், கொடுத்தவர் பெயரிலோ அவர் சொல்லும் இன்னொருவர் பெயரிலோ அது வழங்கப்படும். பெறுகிறவர் உறுப்பினராக இருக்க வேண்டியதே இல்லை. போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க் பெயரும் ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின் பெயரும் அப்படித்தான் பட்டியலில் வருகின்றன. லயன்ஸில் இதே மாதிரி 'மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோ' இருக்கிறது.

நான்காவது, சும்மா ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போன விருந்தினர்கள். அவர்களையும் உறுப்பினர் ஆக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு.

காந்தி ரோட்டரியில் இருந்தாரா?

இந்த நான்காவது வகைக்கு அவர்தான் உதாரணம். 1925-ல் கல்கத்தா ரோட்டரி சங்கத்தில் ராட்டையைப் பற்றிப் பேசினார். வெள்ளைக்கார வியாபாரிகள் நிறைந்த கூட்டத்தில் கைராட்டையின் பொருளாதாரத்தைப் பேசியது துணிச்சலான காரியம். ஆனால் அவர் உறுப்பினர் இல்லை. ஒருமுறை எங்கள் கூட்டத்திலேயே "ரோட்டேரியன் மகாத்மா காந்தி" என்று ஒருவர் மேடையில் சொன்னபோது சங்கடமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் போய் மெதுவாகச் சொன்னேன், அவரும் பெரிய மனதோடு கேட்டுக்கொண்டார்.

பால் ஹாரிஸ் எப்படிப்பட்டவர்?

ரோட்டரியைத் தொடங்கியவர், வக்கீல். சின்ன வயதில் தாத்தா பாட்டியிடம் வெர்மான்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்ட் கிராமத்தில் வளர்ந்தவர். சிகாகோவில் தொழில் நடத்தியபோது கட்சிக்காரர்கள் இருந்தார்கள், நண்பர்கள் இல்லை. 1905 பிப்ரவரி 23 அன்று சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோரின் அலுவலக அறையில் நான்கு பேர் கூடினார்கள். மற்ற இருவரில் சில்வெஸ்டர் ஷீல் நிலக்கரி வியாபாரி, ஹைரம் ஷோரி தையல் கடைக்காரர். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவர் இடத்தில் சுற்றிச் சுற்றிக் கூடியதால் ரோட்டரி என்று பெயர்.

முதலில் அதில் சேவை எதுவும் கிடையாது என்பதைச் சொல்லியாக வேண்டும். நட்பும், ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்வதும்தான் நோக்கம். 1906-ல் டொனால்ட் கார்ட்டர் என்ற வக்கீலைச் சேரச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். உறுப்பினர்களுக்கு மட்டும் பயன்படும் சங்கத்துக்கு எதிர்காலம் இல்லை, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் குறையை நீங்களே சரிசெய்யுங்கள் என்று அவரையே உள்ளே இழுத்தார்கள். சங்கத்தின் நோக்கங்களில் ஊர் நலனும் சேர்ந்தது. அடுத்த ஆண்டே சிகாகோவில் பொதுக் கழிப்பறைகள் வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். ரோட்டரியின் முதல் பொதுப்பணி அதுதான். கழிப்பறை கட்டும் திட்டத்தை எங்கள் சங்கத்தில் யாராவது மட்டமாகப் பேசினால் இந்தக் கதையைச் சொல்லுவேன்.

கார்ட்டர் பெயர் எந்த மேடைப் பட்டியலிலும் வருவதில்லை. எனக்கு அவர் சர்ச்சிலைவிட முக்கியமான ரோட்டேரியன்.

ரோட்டரியை நம் பக்கம் கொண்டுவந்தது யார்?

கல்கத்தாவில் 1919-லேயே வெள்ளைக்கார வியாபாரிகள் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். ஆனால் சென்னை, கொழும்பு, பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று தமிழர் வாழும் இத்தனை ஊர்களுக்கும் ரோட்டரி வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஒரே மனிதரின் பயணத்தால். அவர் பெயர் ஜேம்ஸ் டேவிட்சன்.

இவருடைய வாழ்க்கையே ஒரு நாவல். 1872-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பிறந்தார். இருபத்தொரு வயதில் துருவப் பயணி பியரியின் கிரீன்லாந்துப் பயணக் குழுவில் போனார். அப்புறம் போர்ச் செய்தியாளராக ஃபார்மோசா தீவுக்கு, அதாவது இன்றைய தைவானுக்குப் போய், பிறகு அங்கேயே அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆனார். அந்தத் தீவைப் பற்றி 1903-ல் அவர் எழுதிய பெரிய நூலை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். பிறகு கனடாவின் கால்கரியில் குடியேறி வியாபாரம் செய்தார், ரோட்டரியில் சேர்ந்தார். 1921-ல் ரால்ஸ்டன் என்பவரோடு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய் மெல்பர்னிலும் வெலிங்டனிலும் சங்கம் தொடங்கி வைத்தார்.

1928-ல் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அடுத்த பயணம் கிளம்பினார். சில மாதங்களில் முடிந்துவிடும் என்றுதான் திட்டம். இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஏதென்ஸ், கெய்ரோ, ஜெருசலேம், பம்பாய், சென்னை, கொழும்பு, ரங்கூன், மலாயாவின் செரம்பான், ஈப்போ, கிள்ளான், மலாக்கா, அப்புறம் சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங் என்று நீண்டது வழி. இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் அந்த ஒரு பயணத்தில் உருவாயின. சென்னை ரோட்டரியும் கொழும்பு ரோட்டரியும் 1929-ல் பிறந்தது இப்படித்தான்.

அவர் செய்த காரியத்தின் கனம் புரிய வேண்டுமானால் அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். காலனி ஊர்களில் வெள்ளைக்காரர்களின் கிளப்புகளில் நம்மவர்கள் உறுப்பினராக உள்ளே போக முடியாது. பரிமாறும் ஆளாக மட்டும் போகலாம். டேவிட்சன் ஒவ்வொரு ஊரிலும் அதிகாரிகளையும் வியாபாரிகளையும் வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாகச் சந்தித்து, ஐரோப்பியரும் உள்ளூர்க்காரரும் ஒரே மேசையில் உட்காரும் சங்கம் வேண்டும் என்று வாதாடினார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஐரோப்பியர் ஒரே சங்கத்தில் சேர்ந்தார்கள். பாங்காக்கில் 1930-ல் முதல் தலைவர் ஆனவர் சயாம் இளவரசர் புரசத்ர, அந்நாட்டு ரயில்வேயை வளர்த்தவர். காலனி ஆட்சியை அது அசைக்கவில்லைதான். சங்கத்துக்குள் வர முடிந்தவர்களும் வசதியும் ஆங்கிலப் படிப்பும் உள்ளவர்கள் மட்டுமே. இருந்தாலும் ஒரே மேசையில் சமமாக உட்கார்ந்து சாப்பிட்டது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

டேவிட்சன் 1933-ல் காலமானார். பயணம் முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

தாமஸ் மன் ரோட்டரியில் இருந்தாரா? அவரை நீக்கினார்கள் என்பது உண்மையா?

இரண்டும் உண்மை. இந்தக் கதையை ஒவ்வொரு சங்கத்திலும் ஆண்டுக்கு ஒருமுறை சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

மியூனிக் ரோட்டரி சங்கம் 1928-ல் தொடங்கியபோது எழுத்தாளர் தாமஸ் மன் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். பெயருக்கு உறுப்பினர் இல்லை, கூட்டங்களுக்குப் போய்ப் பேசியவர். மறு ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சங்கத்துக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும்!

1933 ஜனவரி கடைசியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பிப்ரவரியில் மன் சொற்பொழிவுகளுக்காக வெளிநாடு போனார். சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்தபோது, ஊர் திரும்பினால் ஆபத்து என்று தெரிந்துவிட்டது. நாஜிகளை ஏற்கெனவே வெளிப்படையாகக் கண்டித்தவர் அவர். ஏப்ரல் தொடக்கத்தில் மியூனிக் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டிருந்தது. கூடவே யூத உறுப்பினர்களும் வெளியேற்றப்பட்டார்கள். தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று மன் எதிர்பார்க்கவில்லை. அந்த அதிர்ச்சியை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

எனக்கு வலிக்கும் இடம் இதுதான்: அரசு உத்தரவு போட்டு நடந்ததில்லை இது. புதிய ஆட்சியோடு உரசல் வேண்டாம், சங்கம் பிழைத்துக் கிடந்தால் போதும் என்று சங்கத்தாரே முந்திக்கொண்டார்கள். பிழைத்ததா என்றால் அதுவும் இல்லை. நாஜி கட்சிக்காரர்களும் அரசு ஊழியர்களும் ரோட்டரியில் இருக்கக் கூடாது என்று தடை வந்ததும் 1937-ல் ஜெர்மன் ரோட்டரி சங்கங்கள் எல்லாமே கலைந்துபோயின. நண்பர்களையும் விட்டுக்கொடுத்தார்கள், சங்கமும் போயிற்று.

"தாமஸ் மன் எங்கள் ரோட்டேரியன்" என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளிலும் இப்படி நடந்ததா?

ஜப்பானில் வேறு மாதிரி. மிட்சுய் வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த உமெகிச்சி யோனெயாமா 1920-ல் டோக்கியோ சங்கத்தைத் தொடங்கினார். போர்க்காலத்தில், 1940-ல், அயல்நாட்டுத் தொடர்புள்ள அமைப்பு என்ற நெருக்கடி தாங்காமல் ஜப்பானியச் சங்கங்கள் சர்வதேச ரோட்டரியிலிருந்து விலகின. ஆனால் டோக்கியோக்காரர்கள் 'புதன்கிழமைக் கழகம்' என்ற பெயரில் அதே கிழமையில் கூடிக்கொண்டே இருந்தார்கள். 1949-ல் மறுபடி சேர்ந்தார்கள். யோனெயாமா 1946-லேயே மறைந்துவிட்டார். அவர் பெயரில் உள்ள உதவித்தொகையில் இன்றும் வெளிநாட்டு மாணவர்கள் ஜப்பானில் படிக்கிறார்கள்.

ஹெலன் கெல்லர் லயன்ஸ் உறுப்பினரா?

உறுப்பினர் ஆகியிருக்க முடியாது, அன்று லயன்ஸில் பெண்களுக்கு இடம் இல்லை. ஆனால் அந்த இயக்கத்துக்கு ஒரு திசை காட்டியவர் அவர்தான். 1925 ஜூன் 30 அன்று, ஓஹையோ மாநிலத்தின் சீடர் பாயின்டில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் பேசினார். பார்வையற்றோருக்காக இருளை எதிர்த்துப் போராடும் வீரர்களாக நீங்கள் வர மாட்டீர்களா என்று கேட்டார். மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. இன்று நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அரிமா சங்கம் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறது என்றால் அதன் வேர் அந்த ஒரு நாள் பேச்சில் இருக்கிறது. ஜூன் முதல் தேதியை லயன்ஸ் 'ஹெலன் கெல்லர் நாள்' என்று கொண்டாடுகிறது.

அந்தப் பேச்சுக்கு ஐந்து ஆண்டுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊர் லயன்ஸ் தலைவர் ஜார்ஜ் பான்ஹம், பார்வையற்ற ஒருவர் தெருவைக் கடக்க முடியாமல் நிற்பதைப் பார்த்தார். கையில் இருந்த கறுப்புத் தடி வண்டிக்காரர்கள் கண்ணில் படவே இல்லை. தடிக்கு வெள்ளை அடித்து, சிவப்புப் பட்டை போட்டால் என்ன என்று தோன்றியது. சங்கம் அப்படிச் செய்து கொடுத்தது. அந்தத் தடியோடு வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று 1930 டிசம்பரில் அந்த நகரம் சட்டமும் போட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பார்வை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் 1921-லேயே தன் தடிக்கு வெள்ளை அடித்துக்கொண்டார் என்பதால், யோசனை முழுக்க பான்ஹமுடையது என்று சொல்ல முடியாது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சட்டமாக்கியதில் லயன்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்க ஜனாதிபதிகளில் உண்மையாகச் சங்க வேலை பார்த்தவர் யார்?

பலருக்குக் கவுரவப் பதவிதான். ஜிம்மி கார்ட்டர் விதிவிலக்கு. 1953-ல் அப்பா இறந்ததும் கடற்படை வேலையை விட்டுவிட்டு, ஜார்ஜியாவின் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊருக்கு வேர்க்கடலை வியாபாரம் பார்க்கத் திரும்பினார். அங்கே லயன்ஸ் சங்கத்தில் சேர்ந்தார். 1966-ல் மாநில ஆளுநர் தேர்தலுக்கு நின்று கட்சிக்குள்ளேயே தோற்றார். 1968-69-ல் லயன்ஸ் மாவட்ட ஆளுநராக இருந்தார். 1970-ல் மாநில ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். மாவட்ட ஆளுநர் என்றால் ஒவ்வொரு சங்கத்துக்கும் நேரில் போக வேண்டும், சாப்பாட்டு மேசையில் பேச வேண்டும், ஊர்க்காரர்களின் பெயரை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் பயிற்சி தேர்தலில் கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

பதவி முடிந்த பிறகும் தொடர்பு அறவில்லை. ஆற்றுக் குருடு என்ற நோய் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஏழைகளின் கண்ணைப் பறித்துவந்தது. ஓடும் ஆற்றோரம் வளரும் கருப்பு ஈ கடித்துப் பரவுவது. அதை ஒழிக்கும் வேலையில் கார்ட்டர் மையமும் லயன்ஸும் கைகோத்தன.

பெண்கள் பெயரே அதிகம் வரவில்லையே?

வராததற்குக் காரணம் கதவு மூடியிருந்ததுதான். ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் மூன்றும் 1987 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அதனால் பெண்கள் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள்.

ஜோன்டாவில் இருந்தவர்களில் பெரிய பெயர் விமானி அமீலியா இயர்ஹார்ட். 1928-ல் பாஸ்டனில் ஒரு சமூக நல இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானத்தில் பயணியாகப் போக அழைப்பு வந்தது. அதே ஆண்டு பாஸ்டன் ஜோன்டாவில் சேர்ந்தார். அப்புறம் 1932-ல் தனியாகவே அட்லாண்டிக்கைத் தாண்டிக் காட்டினார். சங்கத்தில் அவர் வெறும் அலங்காரம் இல்லை. பெண்கள் எந்தத் தொழிலுக்கும் போகலாம் என்று மேடை மேடையாகப் பேசினார். 1937 ஜூலையில் உலகைச் சுற்றும் பயணத்தில் பசிபிக் கடல்மேல் காணாமல் போனார். மறு ஆண்டே ஜோன்டா அவர் பெயரில் உதவித்தொகை தொடங்கியது. விண்வெளி, வானூர்திப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் பெண்களுக்கு அது இன்றும் கிடைக்கிறது. பொறியியல் படிக்கும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இன்னர்வீல் தொடங்கிய மார்கரெட் கோல்டிங், செவிலியராக இருந்து வியாபாரத்துக்கு வந்தவர். 1923 நவம்பரில் மான்செஸ்டர் ரோட்டேரியன்களின் மனைவிமார் கூடிப் பேச வேறு இடம் கிடைக்காமல், துருக்கிக் குளியல் நிலையம் ஒன்றில் கூடினார்கள். 1924 ஜனவரி 10 அன்று சங்கம் முறையாகத் தொடங்கியது.

அப்புறம் ரோட்டரி கதவு எப்படித் திறந்தது?

வழக்குப் போட்டுத்தான். கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சின்ன ஊர்ச் சங்கம், ஆள் குறைந்துபோன நேரத்தில் மூன்று பெண்களைச் சேர்த்தது. 1978-ல் தலைமையகம் அந்தச் சங்கத்தின் பட்டயத்தை, அதாவது அங்கீகாரத்தை, பறித்தது. அவர்கள் கலையவில்லை. 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள், நீதிமன்றம் போனார்கள். 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பள்ளித் தலைமையாசிரியர் சில்வியா விட்லாக் அதே ஆண்டு அந்தச் சங்கத்தின் தலைவர் ஆனார். ரோட்டரியில் தலைவரான முதல் பெண் அவர். 1989-ல் ரோட்டரி தன் விதியையே திருத்தி உலகம் முழுவதும் பெண்களுக்கு வழிவிட்டது. உலகத் தலைவர் பதவிக்கு ஒரு பெண் வர 2022 ஆகிவிட்டது. கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ்.

கே.எஃப்.சி. படத்தில் இருக்கும் தாத்தா ரோட்டேரியன் என்கிறார்களே?

ஆமாம். ஹார்லண்ட் சாண்டர்ஸ் இந்தியானா மாநிலத்தின் ஜெஃபர்சன்வில்லில் இருந்தபோது ரோட்டரியில் சேர்ந்தார். அப்போது கோழி வறுக்கவில்லை, ஓஹையோ ஆற்றில் படகுத் துறை நடத்திக்கொண்டிருந்தார்.

நான்கு கேள்விச் சோதனையை எழுதியவர் யார்?

ஹெர்பர்ட் டெய்லர். நாம் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்கிறோமே: உண்மையா? சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமானதா? நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா? அனைவருக்கும் பயன் தருமா? இது ரோட்டரிக்காக எழுதியதில்லை. 1932-ல், உலகப் பொருளாதார மந்தக் காலத்தில், திவாலாகும் நிலையில் இருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைக் காப்பாற்ற டெய்லர் பொறுப்பேற்றார். ஊழியர்கள் 250 பேர். அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள ஓர் அளவுகோல் வேண்டும் என்று எழுதியதுதான் இந்த நான்கு வரி. தன் நான்கு துறைத் தலைவர்களிடம் காட்டி, உங்கள் மத நம்பிக்கைக்கு இதில் ஏதாவது முரண் உண்டா என்று கேட்டார். நால்வரும் வெவ்வேறு சமயப் பிரிவினர். யாரும் மறுக்கவில்லை.

முதலில் அடிபட்டது விளம்பரம்தான். 'மிகச் சிறந்தது', 'ஒப்பற்றது' போன்ற, நிரூபிக்க முடியாத சொற்களை எல்லாம் நீக்கச் சொன்னார். கம்பெனி பிழைத்துக்கொண்டது. 1943-ல் ரோட்டரி அந்த வரிகளை எடுத்துக்கொண்டது. 1954-55-ல் டெய்லரே உலகத் தலைவர் ஆனார்.

ஆசியாவிலிருந்து வந்த பெரிய பெயர்கள்?

பிலிப்பைன்ஸின் கார்லோஸ் ரோமுலோவைச் சொல்லுவேன். பத்திரிகையாளர். 1942-ல் புலிட்சர் பரிசு பெற்றவர். 1944-ல் அமெரிக்கத் தளபதி மக்கார்தரோடு லேட்டே தீவில் கரையிறங்கியவர், 1945-ல் ஐ.நா. சாசனத்தில் தன் நாட்டுக்காகக் கையெழுத்திட்டவர், 1949-ல் ஐ.நா. பொதுச் சபையின் தலைவர். மணிலா ரோட்டரியில் ஊறி வளர்ந்த அவர் சர்வதேச ரோட்டரியின் துணைத் தலைவராகவும் இருந்தார்.

அதே பிலிப்பைன்ஸில்தான் 1979-ல் ரோட்டரியின் போலியோ பணி தொடங்கியது, அறுபது லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டமாக. நம் பக்கத்தில் வேலூர் ரோட்டரி சங்கம் 1980-களில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைராலஜி நிபுணர் ஜேக்கப் ஜானோடு சேர்ந்து, ஒரே நாளில் ஊர் முழுக்கச் சொட்டு மருந்து கொடுக்கும் முறையைச் செய்து பார்த்தது. பின்னால் நாடு முழுவதும் 'பல்ஸ் போலியோ' என்று நாம் வரிசையில் நின்றோமே, அதற்கான முன்னோட்டம் என்றே அதைச் சொல்லலாம். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச் 27 அன்று நாட்டுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

நம்மவர்கள் யாராவது உலகத் தலைவராக இருந்திருக்கிறார்களா?

கல்கத்தாவின் நிதீஷ் லாகிரி 1962-63-ல் ரோட்டரியின் உலகத் தலைவரான முதல் ஆசியர். பிறகு ராஜேந்திர சாபு, கல்யாண் பானர்ஜி, சேகர் மேத்தா. கொழும்பு சங்கத்தின் கே.ஆர். ரவீந்திரன் 2015-16-ல் அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருடைய பெரிய வேலை அதற்கு முன்பே நடந்தது. இலங்கையில் போர் உச்சத்தில் இருந்தபோது, வடக்கில் உள்ள குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து போய்ச் சேர வேண்டும் என்று, யுனிசெஃபோடு இணைந்து இரு தரப்பும் அந்த நாள்களில் சண்டையை நிறுத்தப் பேச்சு நடத்தியவர்களில் முன்நின்றவர். அந்த நாள்களில் துப்பாக்கிகள் ஓய்ந்தன, குழந்தைகள் வாய் திறந்து சொட்டு மருந்து குடித்தார்கள்.

இத்தனை பெரிய மனிதர்கள் எதற்காக ஒரு வாரக் கூட்டத்துக்கு வந்தார்கள்?

ரோட்டரியின் பழைய விதி ஒன்று பாதிப் பதில் சொல்கிறது. ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஒரு டாக்டர், ஒரு எழுத்தாளர், ஒரு அரிசி மண்டிக்காரர். மினசோட்டாவின் ராச்செஸ்டரில் மேயோ கிளினிக்கின் சார்லஸ் மேயோவும் அப்படித்தான் அந்த ஊர் வியாபாரிகளோடு ரோட்டரி மேசையில் உட்கார்ந்தார். உலகமே தேடிவரும் அறுவை மருத்துவர். நாள் முழுக்கத் தன் தொழில்காரர்களோடும் தன்னிடம் காரியம் கேட்டு வருகிறவர்களோடும் மட்டும் பேசுகிறவருக்கு, வாரத்தில் ஒரு மணி நேரம் வேறு மனிதர்கள் கிடைத்தார்கள்.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் பழைய காலத்தில் யார் இருந்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் பட்டய உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். சங்கம் தொடங்கியபோது தலைமையகத்துக்கு அனுப்பிய பெயர்கள் அதில் இருக்கும். அடுத்தது கூட்டக் குறிப்பேடு, வாராந்தர மடல், வெள்ளி விழா மலர். இவை பெரும்பாலும் முன்னாள் செயலாளர் ஒருவர் வீட்டு அலமாரியில்தான் கிடக்கும், அவருடைய பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள். மலரில் உள்ள விளம்பரங்களையும் விடாதீர்கள். எந்தக் கடைக்காரர் எந்த ஆண்டில் சங்கத்தோடு இருந்தார் என்று அதில் தெரிந்துவிடும். குழுப் படம் கிடைத்தால், பின்பக்கம் பென்சிலில் பெயர் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எண்பது வயதுக்கு மேல் உள்ள உறுப்பினர் ஒருவரிடம் இந்த மாதமே படத்தை எடுத்துக்கொண்டு போங்கள், உட்கார்ந்து ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.